மூன்று துறவிகளும் முப்பத்தொரு பேரும்

ரோமாபுரிக்கு வரலாறு உண்டு. கன்டர்பரிக்கு வரலாறு உண்டு. அவ்விரண்டுக்கும் அடுத்தபடியாகப் பேசப்பட வேண்டிய இடம் ஊவா மாகாணத்து விண்டர்கோட் தோட்டம். இந்த உண்மை இத்தனை காலம் உலகத்துக்குத் தெரியாமல் போனதற்கு ஒரே காரணம், அதை நான் எழுதாமல் இருந்ததுதான். இப்போது எழுதிவிட்டேன். தொண்ணூற்றாறு பக்கம், கெட்டி அட்டை, பின்பக்கம் என்னுடைய படம். படத்தில் கோட்டுப் போட்டிருக்கிறேன்.

என் பெயர் மத்தேயு. விண்டர்கோட் தோட்டத்து ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்துக்குள் இருக்கும் புனித சுவிதின் ஆலயச் சபையின் செயலாளர். ‘ஆலய வரலாற்றுத் தொகுப்பு உபகுழு’வின் செயலாளரும் நானே. உபகுழுவின் தலைவர் குருவானவர். அவர் மாதத்தில் ஒரு ஞாயிறு பதுளையிலிருந்து வந்து, ஆராதனை நடத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஆகவே உபகுழுவின் தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாகவே நிறைவேறின.

ஆலயம் அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்கும் வழியில், பிரதான வீதியை விட்டு நாலு மைல் உள்ளே இருக்கிறது. அந்த நாலு மைலையும் முச்சக்கரவண்டிக்காரர்கள் ‘ரோட்டு’ என்று சொல்வது அவர்களுடைய பெருந்தன்மை. 1874ஆம் வருடம் கப்டன் எட்மண்ட் ஹார்கிரீவ் என்ற துரை இந்த ஆலயத்தைத் ‘தம் சொந்தக் கைகளால்’ கட்டினார் என்று சுவரில் சலவைக்கல் சொல்கிறது. நான் அந்த வருடத்துச் செக்ரோலை, அதாவது ஆள் கணக்குப் புத்தகத்தை, தேடிப் பார்த்தேன். கல் சுமந்த ஆட்கள் இருநூற்றுப் பதினேழு பேர். அத்தனை பேருடைய கைகளையும் கப்டன் தம் சொந்தக் கைகளாகவே நினைத்திருக்கிறார். எவ்வளவு பரந்த மனம் என்று வியந்து, சலவைக்கல்லில் உள்ளதை உள்ளபடியே நூலில் சேர்த்தேன்.

சுவரில் மொத்தம் பதினான்கு நினைவுக் கற்கள். பதின்மூன்று துரைமாருக்கு. பதினான்காவது ‘ரூபர்ட்’ என்பவருக்கு. ‘கடைசி வரை விசுவாசமாக ஓடினான்’ என்று அதில் வெட்டியிருக்கிறது. ரூபர்ட் என்பது கப்டனுடைய நாய் என்பதை உபகுழு தனது மூன்றாம் கூட்டத்தில் கண்டுபிடித்தது. அதற்குள் அவருடைய ஆத்துமாவுக்காக இரண்டு ஞாயிறு ஜெபம் பண்ணியிருந்தோம்.

ஆலயத்தை ஒட்டி நிற்பதுதான் மடம். 1897இல் மூன்று ஆங்கிலேயத் துறவிகள் கப்பலேறி வந்தார்கள். மௌன விரதம் பூண்டவர்கள். உலகத்து இரைச்சலிலிருந்து தப்புவதற்காக ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து, தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து மடம் கட்டிக்கொண்டார்கள். எட்டு அறைகள். ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடிக்குப் பத்தடி. ஒரு கதவு, ஒரு ஜன்னல். விடிய நாலு மணிக்கு எழும்புவார்கள். வெறுங்காலோடு நடப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் உண்பார்கள்.

பதினான்கு வருடம் அவர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. அந்தக் குறையைச் சீட்டெழுதித் தீர்த்துக்கொண்டார்கள். ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அறுநூறு சீட்டுகள் எங்களுக்குக் கிடைத்தன. பாதிக்கு மேல் சகோதரர் அம்புரோஸ் என்பவரின் குறட்டையைப் பற்றியவை. கடைசிச் சீட்டில் ‘ஜாம் போத்தலைக் காலி பண்ணியது யார்?’ என்று மட்டும் இருந்தது. அடுத்த மாதம் மூவரும் மூன்று கப்பலில் ஊர் திரும்பினார்கள். அது 1911. என் நூலில் இதை ‘ஆழ்ந்த ஆன்மிகக் கருத்து வேறுபாடு’ என்று குறிப்பிட்டிருக்கிறேன்.

வரலாறு அத்தோடு நின்றிருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும். நிற்கவில்லை. மடத்துக்கு உரமூட்டை வந்தது. பிறகு ஆடுகள் வந்தன. ஒன்பது வருடத்துக்கு முன் பெய்த ஐப்பசி மழையில் கீழ்ப்பிரிவில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மலை சரிந்தது, சுவர்கள் பிளந்தன. அங்கே இருந்த எட்டுக் குடும்பங்களையும் மடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ‘மூன்று வாரத்துக்கு மட்டும்’ என்றார்கள். எந்த மூன்று வாரம் என்று சொல்லவில்லை.

ஆக, முப்பத்தொரு பேர். வரலாறு எழுதுகிறவனுக்கு இது எத்தனை பெரிய தொல்லை என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 1911இல் முடிந்துபோன மடத்தின் முற்றத்தில் குழந்தைகளின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. சகோதரர் அம்புரோஸ் முழங்காலில் நின்று ஜெபித்த மூலையில் காஸ் அடுப்பு இருந்தது. ஆறாம் அறையில் குடியிருந்த தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா, துறவிகள் சிலுவை வைத்த மாடத்தில் மாரியம்மன் படத்தை வைத்து, செவ்வாய் வெள்ளி தவறாமல் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். இவற்றையெல்லாம் எந்த அத்தியாயத்தில் போடுவது?

உபகுழுவின் ஐந்தாம் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது றோசாலி வந்தாள். நாலாம் அறைக்காரி. கொழுந்தெடுக்கிறவள். அந்த ஓர் அறையில் ஆறு பேர்: அவள், காது கேளாத அவளுடைய கணவன் சவரிமுத்து, மகள் ஜெசிந்தினி, மருமகன், பேரப்பிள்ளைகள் இரண்டு. முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

“கிளாக்கரய்யா, வீட்டு லிஸ்ட்டு போடுறாங்களாம். மண்ணு சரிஞ்சு எடம் மாறி இருக்கிறவங்களுக்கு ஏழு பேர்ச் காணியும் ஒரு வீடும் தாறாங்களாம்.”

“நல்லதுதானே.”

“இங்கதான் இருக்கோம்னு கிராம சேவகரு, அந்த ஜி.எஸ். அய்யா, கடுதாசி தரணுமாம். அடுத்த மாசம் முப்பதாந் தேதிக்குள்ள. அதுக்குப் பின்னாடி லிஸ்ட்ட மூடிருவாங்களாம்.”

“இங்கதானே இருக்கீங்க? வாங்கிக்கிற வேண்டியதுதானே.”

“அது நமக்குத் தெரியுதுங்க. அடையாளக் கார்டுல பழைய லயத்து நம்பரு இருக்கு. அந்த லயமே இப்ப இல்ல. கரண்டு பில்லும் நம்ம பேர்ல இல்ல, கோயில்லயிருந்துதானே வயர் இழுத்திருக்கோம். ஜி.எஸ். அய்யா நேர்ல வந்து பாத்துட்டுத்தான் எழுதுவாராம். அவரு நாலு பிரிவுக்கும் ஒரே ஆளு, எப்ப வருவாரோ. மடத்தப் பாக்கப் பெரிய ஆளுங்க வரப்போறாங்கன்னு சொன்னீங்களே. அவங்க காதுல நம்ம விஷயத்தையும் ஒரு வார்த்த போட்டு வையுங்கய்யா. அவங்க சொன்னா சீக்கிரம் நடக்கும்.”

ஜெசிந்தினி கொப்பித் தாளில் எழுதிய ஒரு மனுவையும் றோசாலி கொடுத்தாள். எட்டுக் குடும்பத்துப் பெயரும் இருந்தது. கையெழுத்து உண்மையிலேயே அழகு. உரிய நேரத்தில் சேர்ப்பிப்பதாகச் சொல்லிப் பையில் வைத்துக்கொண்டேன். கூட்ட அறிக்கையில் ‘நமது பணியில் பொதுமக்களும் பெரும் ஆர்வம் காட்டுகின்றனர்’ என்று எழுதினேன்.

அவள் சொன்ன பெரிய ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் ஊவா பழங்கட்டட மரபுரிமைச் சபையின் உதவிப் பணிப்பாளர் திரு. அலவி. மற்றவர் கப்டன் ஹார்கிரீவின் கொள்ளுப்பேத்தியான திருமதி ஹார்கிரீவ். இங்கிலாந்திலிருந்து தமது முன்னோரின் ஆலயத்தைப் பார்க்க வருகிறார். இருவரையும் ஒரே வெள்ளிக்கிழமையில் சந்திக்க வைத்தது உபகுழுவின், அதாவது என்னுடைய, சாதனை.

அலவி சேர் முன்கூட்டியே தொலைபேசியில் பேசினார்.

“மிஸ்டர் மத்தேயு, உங்கட மடத்துக்கு முதலாந் தரச் சான்றிதழ் குடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. கட்டினவங்க போன பிறகு அதுக்குள்ள மனுஷர் குடியிருந்திருக்கக் கூடாது.”

“ஆடு இருந்திருக்கு சேர்.”

“ஆடு பிரச்சினை இல்ல. ஆடு சுவர்ல ஆணி அடிக்காது.”

“உரமூட்டையும் வச்சிருந்தாங்க.”

“அதுவும் பரவாயில்ல. கட்டடத்தைக் கெடுக்கிறது மனுஷர்தான். மனுஷர் யாரும் இருக்காங்களா?”

வரலாற்றில் சில கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லக் கூடாது. “லைன் சரியில்ல சேர், நேர்ல பேசுவோம்” என்று வைத்துவிட்டேன்.

அன்று மாலை மடத்துக்குப் போய் எல்லோரையும் கூப்பிட்டு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். “வெள்ளிக்கிழமை பெரிய ஆளுங்க வாறாங்க, கொஞ்சம் ஒதுக்கி வையுங்க.” இதில் தவறு ஏதும் உண்டா?

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துரை லயம் பார்க்க வருகிறார் என்று தெரிந்தால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோழி மறையும். அடுப்புச் சாம்பல் மறையும். கொடியில் கிடக்கும் துணி மறையும். காய்ச்சல்காரன் எழும்பித் தலை வாரிக்கொள்வான். ஒழுகுகிற இடத்தில் வைத்த வாளியைக் கட்டிலுக்கடியில் தள்ளுவார்கள். துரை வந்து பார்த்து, “எல்லாம் நல்லாத்தானே இருக்கு, பிறகென்ன குறை?” என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் போனதும் குறைகளை வெளியே எடுத்து மறுபடி அடுக்குவார்கள். நூற்றைம்பது வருடப் பயிற்சி இது. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்தப் பயிற்சி முழுவதையும் முப்பத்தொரு பேரும் இரண்டு நாளில் காட்டினார்கள். கட்டில், அலுமாரி, டிவி, அரிசி வாளி, பாய், பள்ளிக்கூடப் பை எல்லாம் கீழே தேயிலைச் செடிகளுக்குள் போய், தறப்பாளுக்கடியில் ஒளிந்துகொண்டன. கோழிகளைக் கால் கட்டிக் கொழுந்துக் கூடைகளில் வைத்தார்கள். மாரியம்மனை வீரய்யா ஈரத்துணியால் துடைத்து, மன்னிப்புக் கேட்டு, தன் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். புகைக்கறையைச் செங்கல்லால் தேய்த்தார்கள். ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளில் சுண்ணாம்பு அடைத்தார்கள். அலவி சேர் வெறுக்கும் மனுஷ அடையாளம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

“எப்பிடிங்கய்யா?” என்றார் வீரய்யா, இடுப்பில் கைவைத்துக்கொண்டு. “ஒரு மனுச மக்க இருந்த மாதிரி தெரியுதா?”

“தெரியவேயில்ல, வீரய்யா.”

“நம்ம ஆளுங்க ஒரு வேலையில எறங்குனா அப்பிடித்தான்.”

கதவுகளில் மட்டும் ஒரு குறை இருந்தது. சனத்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு கதவிலும் கறுப்புப் பெயிண்டால் ஓர் இலக்கம் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். றோசாலி தும்பும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு தன் கதவின் முன் நின்று யோசித்தாள்.

“அய்யா, இத என்ன செய்யிறது? கதவுல நம்பரு இருந்தா அதுவே அத்தாட்சின்னு ஜி.எஸ். அய்யா சொல்லியிருக்காரு.”

நான் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தேன். பழைய பலாமரக் கதவு. அதன்மேல் அந்த இலக்கம், சொல்லப் போனால், கண்ணை உறுத்தியது.

“அழிச்சா அழகா இருக்கும்.”

“பின்னாடி வேணுமேங்க.”

“பின்னாடி எழுதிக்கிறலாம், றோசாலி. பெயிண்ட் நம்மகிட்ட இருக்கு.”

நான் சொன்னால் அவள் தட்டமாட்டாள். எட்டுக் கதவுகளும் ஒரு மணி நேரத்தில் சுத்தமாகிவிட்டன.

வெள்ளிக்கிழமை வந்தது. மடத்து முற்றத்தில் முப்பது பேர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்பதுபோல வரிசையாக, குளித்துப் பூ வைத்து நின்றார்கள். அன்றைக்கு வேலைக்குப் போகாததால் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போனது. திருமதி ஹார்கிரீவ் வந்து இறங்கினார். நல்ல அம்மா. மாலை போட்டதும் கண் கலங்கினார். அலவி சேர் டேப்பை நீட்டி அளந்து, ஒவ்வோர் அறையையும் திகதியோடு படம் பிடித்துக்கொண்டு வந்தார்.

நாலாம் அறையில் ஒரு சிறிய சங்கடம். எல்லோரையும் வெளியே வரச் சொன்னது சவரிமுத்துவின் காதில் விழவில்லை. சாம்பல் நிறக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திருமதி ஹார்கிரீவ் திடுக்கிட்டுப் போனார். அலவி சேர் என்னைப் பார்த்தார். என் முப்பத்தெட்டு வருட ஆபீஸ் அனுபவம் கைகொடுத்தது.

“துறவி எப்படி உட்காந்திருப்பார்னு காட்டுறதுக்காக ஒரு ஆளை ஏற்பாடு பண்ணியிருக்கோம் சேர்.”

“பிரமாதம்,” என்றார் அலவி சேர். “அசையாம இருக்காரே.”

“நல்லாப் பயிற்சி குடுத்திருக்கோம்.”

நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார்கள். சவரிமுத்து கடைசி வரை திரும்பவில்லை. திருமதி ஹார்கிரீவ் சுவரைத் தடவிப் பார்த்தார். இந்தச் சின்ன அறைக்குள் ஒரு மனிதன் பதினான்கு வருடம் எப்படித்தான் வாழ்ந்தானோ என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார். வாசலில் நின்ற றோசாலி என் பக்கமாகச் சாய்ந்தாள்.

“அந்தம்மா ஏங்கய்யா அழுவுறாங்க?”

“இந்த ரூம்பப் பாத்துத்தான்.”

“பாவம், நல்ல மனசு. ஆறு பேருன்னு சொன்னீங்களா?”

“ஒருத்தர்னு சொன்னேன். அந்தக் காலத்துச் சாமியார்.”

“ஒத்த ஆளுக்கா இம்புட்டு எடம்?”

“அவர் காலையில நாலு மணிக்கே எந்திரிச்சிருவாராம்.”

“நாலு மணிக்கு எந்திரிச்சாத்தான பைப்புல தண்ணி வரும்.”

“காலுக்குச் செருப்பு இல்ல. ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு.”

“மாசக் கடைசியிலயா?”

“எப்பவுமே.”

றோசாலி கொஞ்சம் யோசித்தாள். “அப்பிடின்னா கஷ்டந்தான்,” என்றாள். பிறகு, “அய்யா, மனு?” என்றாள்.

மனு பையில்தான் இருந்தது. உண்மையில் நான் கையை விட்டு அதைத் தொட்டும் பார்த்தேன். ஆனால் அந்த அம்மா அழுதுகொண்டிருக்கும்போது, இல்லாத துறவிக்காகச் சிந்தும் புனிதமான கண்ணீருக்கு நடுவில், இருக்கிற ஆட்களின் விஷயத்தை நுழைப்பது நாகரிகமாகுமா? வரிசையில் நிற்கிறவர்கள் யார் என்று அவர் கேட்டபோது ‘ஆலயத்தின் நண்பர்கள்’ என்று அறிமுகம் செய்துவைத்தேன். முப்பது பேருக்கும் கை கொடுத்தார். எவ்வளவு எளிமையான மனுஷி.

ஒரு மாதத்துக்குள் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. முதலாந் தரச் சான்றிதழ் வந்தது. பித்தளைப் பலகை வந்தது. மடத்து வாசலில் திருகாணி போட்டுப் பொருத்தினோம். ‘இம்மடத்தில் 1911ஆம் ஆண்டின் பின்னர் எவரும் வசிக்கவில்லை’ என்று மூன்று மொழிகளிலும் அதில் இருந்தது. அந்த வாக்கியம் என்னுடையது. அச்சுக்குக் கொடுத்திருந்த என் நூற்பிரதியின் முப்பத்தேழாம் பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள். பலகை பொருத்தும்போது றோசாலியின் மருமகன்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். நூலும் அச்சாகி வந்தது. கடைசியாக, திருமதி ஹார்கிரீவின் கடிதம் வந்தது. அவருடைய ஊர்த் தேவாலயத்தில் மடத்தின் வரலாறு பற்றி நான் உரையாற்ற வேண்டும், பயணச்சீட்டு அவர் அனுப்புவார். கடிதத்தை ஏழு தடவை படித்தேன். என் வாழ்க்கையில் நான் ஊவா மாகாணத்துக்கு வெளியே போனது கொழும்புக்கு மூன்று தரம்.

கதவு இலக்கங்கள்? எழுதத்தான் இருந்தேன். ஆனால் சான்றிதழ் பெற்ற கட்டடத்தின் கதவில் பெயிண்ட் பூசுவது சட்டப்படி குற்றம் என்று அலவி சேர் எழுதியிருந்தார்.

முப்பதாந் தேதி காலை றோசாலி என் வீட்டு வாசலில் நின்றாள். ஜி.எஸ். கூப்பிடுகிறார், என்னையும் கூட்டிவரச் சொன்னார் என்றாள். பஸ்ஸில் அவளும் வீரய்யாவும் நின்றுகொண்டு வந்தார்கள். எனக்கு இடம் பிடித்துக் கொடுத்திருந்தார்கள்.

கிராம சேவகர் மிப்ரான் நல்ல பிள்ளை. சின்ன வயது, பொறுமைசாலி. மேசையில் என் நூல் இருந்தது. நான் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரதி.

“மத்தேயு சேர், நான் போன கிழமை போய்ப் பார்த்தேன். ஆக்கள் இருக்காங்க. எனக்குத் தெரியுது. ஆனா பிரதேச செயலகத்துக்குச் சான்றிதழ் கொப்பி வந்திருக்கு. எட்டு ரூமும் வெறுமையா இருக்கிற ஃபோட்டோவும் வந்திருக்கு, திகதியோட. கதவுல நம்பரும் இல்ல. நான் ஆக்கள் இருக்காங்கன்னு எழுதினா, பொய் சொல்றது நீயா மரபுரிமைச் சபையான்னு என்னைத்தான் கேப்பாங்க.”

“ஃபோட்டோவுல எங்க வீட்டுக்காரரு இருக்காருங்களே,” என்றாள் றோசாலி. நூலை விரித்து அறுபத்தோராம் பக்கத்தைக் காட்டினாள். “இந்தா, கம்பளி போத்திக்கிட்டு.”

மிப்ரான் குனிந்து பார்த்தார். “‘மௌனத் துறவியின் அன்றாட வாழ்வு: பயிற்சி பெற்ற ஒருவரின் நடிப்பு’ன்னு கீழ போட்டிருக்கு.”

“அவருக்கு நடிக்கல்லாம் தெரியாதுங்க.”

“அப்ப ஒண்ணு செய்யுங்க சேர்,” என்றார் வீரய்யா. “எங்கள வெளிய போகச் சொல்லியாவது ஒரு கடுதாசி குடுங்க. அத வச்சிக்கிட்டு, இருந்தோம்னு காட்டிக்கிறோம்.”

“இல்லாத ஆக்களை எப்படி வெளியேத்துறது, தலைவர்?”

இருபத்திரண்டு வருடம் தொழிற்சங்கம் நடத்திய வீரய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மிப்ரான் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “ஒரே வழிதான் இருக்கு. புத்தகம் எழுதினவர் நீங்க. ‘இந்த எட்டுக் குடும்பமும் இங்க வசிக்குது, நூலில் எழுதினது பிழை’ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் இப்பவே கடிதம் அடிச்சு, நாலு மணிக்கு முன்ன நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்.”

மணி இரண்டே கால். றோசாலி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சந்தேகமே இல்லை. ஒரு வரிதானே, எழுதிவிடுவார் என்ற நிம்மதிதான் இருந்தது.

வாசகர்களே, நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள். நூல் பிழை என்றால் சான்றிதழ் போகும். சான்றிதழ் போனால் பலகை போகும். பலகை போனால் இங்கிலாந்தில் ஒரு தேவாலயத்தில், கோட்டுப் போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்க, நான் பேச வேண்டிய பேச்சும் போகும். ஒரு வரலாற்றாசிரியன் யாரோ முப்பத்தொரு பேருடைய வசதிக்காக உண்மையை மாற்றலாமா?

பேனாவை எடுத்தேன். மிகுந்த யோசனைக்குப் பிறகு இரு தரப்புக்கும் நியாயமான ஒரு வாக்கியத்தை எழுதினேன்.

மிப்ரான் எடுத்து வாசித்தார். “‘மேற்படி நபர்கள் மேற்படி இடத்தில் அவ்வப்போது காணப்படுகின்றனர்.’” தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். “சேர், இது குருவிக்கு எழுதுற மாதிரி இருக்கு. ‘வசிக்கிறார்கள்’னு போடுங்க. அந்த ஒரு சொல்லு போதும்.”

நான் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தேன். பைக்குள் ஏதோ தாள் தட்டுப்பட்டது. ஜெசிந்தினியின் மனு.

வீரய்யா எழுந்து ஜன்னலண்டை போனார். றோசாலி மட்டும் கேட்டாள், கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் கேட்கிற மாதிரி.

“அய்யா, ஞாயித்துக்கெழம நீங்க காணிக்கத் தட்டக் கொண்டாறப்போ மட்டும் நான் எப்பிடிங்கய்யா ஒங்க கண்ணுல படுறேன்?”

எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லிவிடுகிறேன், மிகவும் வெட்கமாக இருந்தது. அதைச் சேர்க்க என் நூலில் பக்கம் இல்லை. “உபகுழுவில் வைத்துப் பேசுவோம்” என்றேன். மிப்ரான் வெள்ளைத் தாளை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

வெளியே வந்தபோது நல்ல மழை. நான் குடை கொண்டுவரவில்லை. வீரய்யா என்னைப் பார்க்காமல் முன்னால் நடந்து போய்விட்டார். பஸ் நிறுத்தத்தில் கூரை கிடையாது. பஸ் வர முக்கால் மணி நேரமாயிற்று. அந்த முக்கால் மணி நேரமும், எங்கும் வசிக்காத ஒருத்தி என் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வலது தோளும் சேலையும் முழுக்க நனைந்துவிட்டன. என்மேல் ஒரு துளிகூடப் படவில்லை.